திரளும் மில்லிநொடித் துடிவிண்மீன்கள்

துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுத்துத் தன்மேல் கொட்டிக்கொண்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்று, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு எக்ஸ் கதிர்த் துடிப்பை வெளியிடும் நியூட்ரான் விண்மீன்கள் திரளும் மில்லிநொடித் துடிவிண்மீன்கள் எனப்படும். இவற்றில் முதலாவது 1998-இல் கண்டறியப்பட்டது. இன்று இருபதுக்கும் மேற்பட்டவை தெரியவந்துள்ளன.

நியூட்ரான் விண்மீனின் ஆரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நிறையோ சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இந்த ஈர்ப்புக் குழியில் விழும் பொருள், தன் நிறைக்கு ஈடான ஆற்றலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை வெப்பமாகவும் ஒளியாகவும் கொட்டிவிடுகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது வெளிப்படுவது 0.7 விழுக்காடு மட்டுமே. வாயு நேராக விழுவதில்லை. வட்டாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறது. வட்டின் உள்விளிம்பில் காந்தப்புலம் அதைப் பிடித்துக் காந்த முனைகளை நோக்கித் திருப்புகிறது. அங்கே தரைமட்டத்தில் உருவாகும் சூடான திட்டுகள் சுழற்சியோடு சேர்ந்து நம் பக்கம் வந்தும் விலகியும் போவதுதான் துடிப்பு.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்பது 1982-இல் எழுந்த கேள்வி. அவ்வாண்டு டொனால்டு பேக்கர், ஸ்ரீநிவாஸ் குல்கர்னி உள்ளிட்டோர் 1.56 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கும் ரேடியோ துடிவிண்மீனைக் கண்டனர். துடிவிண்மீன்கள் வயதாக ஆகச் சுழற்சி குறையும் என்பதே வழக்கமான பாடம். இதுவோ காந்தப்புலம் தளர்ந்த நிலையிலும் பம்பரமாகச் சுற்றியது. சென்னையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும் பெங்களூரு ராமன் ஆய்வுக்கழகத்திலிருந்து ஒரு விடை தந்தனர்: அணைந்துபோன துடிவிண்மீன் துணையிடமிருந்து பெறும் வாயுவின் கோண உந்தத்தால் மீண்டும் முடுக்கப்படுகிறது. அல்பரும் அவருடைய கூட்டாளிகளும் அதே ஆண்டில் இதே முடிவுக்குத் தனியாக வந்தனர். கருத்து அழகாக இருந்தாலும், வாயுவை விழுங்கிக்கொண்டே மில்லிநொடிக் கணக்கில் சுழலும் விண்மீன் ஒன்றையாவது நேரில் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் அந்தத் தளர்ந்த காந்தப்புலமே. இளம் துடிவிண்மீன்களில் அது லட்சம் கோடி காஸ் அளவில் இருக்கும்; இவற்றில் பத்துக் கோடி காஸ் அளவுதான். வட்டு விண்மீனை ஒட்டி வரவும், சுழற்சி ஏறவும் இந்தத் தளர்ச்சி வேண்டும். ஆனால் அதே தளர்ச்சியால் வாயு முனைகளில் கூர்மையாகக் குவிவதில்லை, துடிப்பு மங்கிவிடுகிறது. போதாததற்கு, கடுமையான ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் பின்புறத்திலுள்ள திட்டின் ஒரு பகுதியும் நமக்குத் தெரிகிறது. ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் சில விழுக்காடாகவே எஞ்சுகிறது.

இதைப் பிடிக்கத் தெளிவான படம் உதவாது. பரந்த சேகரிப்பியும் துல்லியமான கடிகாரமும்தான் வேண்டும். எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் விழுங்கிவிடுவதால் இரண்டும் விண்வெளிக்குப் போயாக வேண்டும். நாசா 1995 டிசம்பரில் ஏவிய ரோஸி எக்ஸ் கதிர்க் காலஅளவை விண்கலம் அதற்கென்றே அமைந்தது. மைக்ரோநொடித் துல்லியத்தில் ஒவ்வொரு ஃபோட்டானின் வருகையையும் குறித்தது. புவியின் ஓட்டத்தால் வரும் பிழையை நீக்க, அந்த நேரங்கள் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றப்படும். பிறகு ஃபூரியே பகுப்பாய்வில் எந்த அதிர்வெண் தலைதூக்குகிறது என்று பார்ப்பார்கள்.

1996-இல் பெப்போசாக்ஸ் விண்கலம் கண்ட எஸ்.ஏ.எக்ஸ். ஜே1808.4-3658 என்ற மூலம் 1998 ஏப்ரலில் மீண்டும் வெடித்தெழுந்தபோது, ருடி வைனாண்ட்ஸும் மிகீல் வான் டெர் கிளிஸும் அதில் 401 ஹெர்ட்ஸ் துடிப்பைக் கண்டனர். தீப்தோ சக்ரவர்த்தியும் எட்வர்டு மார்கனும் அந்த அதிர்வெண் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சற்றே ஏறி இறங்குவதைக் கவனித்தனர். அது டாப்ளர் விளைவு. நியூட்ரான் விண்மீன் தன் பாதையில் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் தொலைவு 63 ஒளி மில்லிநொடி, அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர். இந்த எண்ணையும் இரண்டு மணி நேரச் சுற்றுக்காலத்தையும் சேர்த்துப் பார்த்ததில் துணையின் நிறை சூரியனில் இருபதில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. விண்மீனாக இருந்தது கரைந்து பழுப்புக் குள்ளனாகியிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சூரியனின் ஆரத்தைவிடக் குறைவு. நேரிலே பார்க்கவே முடியாத ஓர் இரட்டையை வெறும் கடிகாரத்தால் இத்தனை அளந்தது வானியலின் நேர்த்தியான கணக்குகளில் ஒன்று.

தரையில் சேரும் ஹைட்ரஜனும் ஹீலியமும் திடீரென எரிந்து சில நொடிகள் நீடிக்கும் வெடிப்புகளும் உண்டு. 2002-இல் இதே மூலத்தின் வெடிப்புகளில் 401 ஹெர்ட்ஸ் அலைவு கிடைத்தது. எனவே வெடிப்பு அலைவும் சுழற்சியும் ஒன்றே என உறுதியானது. துடிப்பே காட்டாத பிற விண்மீன்களின் சுழற்சியையும் வெடிப்பைக் கொண்டு படிக்க வழி திறந்தது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இல்லை. அக்விலா எக்ஸ்-1 என்ற மூலம் தன் 550 ஹெர்ட்ஸ் துடிப்பை, பல நாள் கண்காணிப்பில் வெறும் 150 நொடிகளுக்கு மட்டும் காட்டிவிட்டு மறைந்தது.

முடுக்கக் கருத்தின் கடைசிக் கண்ணி 2013-இல் பொருந்தியது. எம்28 விண்மீன் கொத்தில் 3.9 மில்லிநொடி எக்ஸ் கதிர்த் துடிவிண்மீன் ஒன்று, முன்பே அறிந்திருந்த ரேடியோ துடிவிண்மீனேதான் என்று தெரிந்தது. வாயு கொட்டியதால் வந்த வெடிப்பெழுச்சி தணிந்த சில வாரங்களுக்குள் அது ரேடியோவுக்கே திரும்பியது.

இவற்றில் மிக வேகமானது 599 ஹெர்ட்ஸ். ரேடியோவில் அறியப்பட்ட உச்சம் 716. மையவிலக்கால் சிதறும் எல்லை பெரும்பாலான கணிப்புகளில் 1,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே இருக்க, ஏன் எவையும் அதை நெருங்கவில்லை? ஈர்ப்பலைகள் வழியே சுழற்சி வடிகிறது என்று லார்ஸ் பில்ட்ஸ்டன் 1998-இல் முன்வைத்தார். காந்தப்புலமும் வட்டும் உரசுவதே போதும் என்பது எதிர்வாதம். அத்தகைய தொடர் ஈர்ப்பலை எதுவும் இதுவரை பதிவாகவில்லை.

ரோஸி 2012-இல் ஓய்ந்தது. 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் பெரும்பரப்புக் கருவியும், 2017 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் கருவியும் காலஅளவைப் பணியைத் தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் கண்டறியப்பட்ட 448 ஹெர்ட்ஸ் மூலமொன்றில் ஐ.எக்ஸ்.பி.இ. விண்கலம் எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தையும் அளந்தது. அதற்கு முன், சுழலச்சும் காந்த அச்சும் எவ்வளவு சாய்ந்துள்ளன என்பதைத் துடிப்பின் வடிவத்தை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. முனைவாக்கம் அதற்குத் தனிச் சாட்சியாகிறது.