மென்சவ்வற்ற சிறுமணிகளும் முட்டைக்கலத்தின் காத்திருப்பும்: ஒப்பீட்டு ஆய்வுக்கான ஒரு வாதம்

விலங்கின் முட்டைக்கலத்தில் மென்சவ்வு ஏதும் சூழாமலே ஆர்.என்.ஏயும் புரதமும் ஓரிடத்தில் திரண்டு நிற்கும் சிறுமணிகள் உண்டு. அவை சில விலங்குகளில் திரவமாகவும் சிலவற்றில் திண்மமாகவும் இருப்பது ஏன் என்ற வினாவுக்கு, ஆய்வுகூடங்களில் பழகிய ஒருசில விலங்குகளை மட்டும் வைத்து விடை காண முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையை ஒட்டிய கடல்நீரேரியில் பிடிபடும் நீலக்கால் நண்டு அவ்வினாவைத் தீர்க்க உதவும் என்பது அதன் முடிபு.

சிலந்தியின் முட்டைக்கலத்தில் இத்தகைய திரளொன்றை வொன் விட்டிச் 1845இலேயே கண்டார். பின்னர் அது பல்பியானியின் பெயரால் பல்பியானி உடலம் எனப்பட்டது. அதன் பௌதிக இயல்பு பற்றிய தெளிவு எமது நூற்றாண்டில்தான் வந்தது. வட்டப்புழுவின் பீ-சிறுமணிகள் எண்ணெய்த் துளிகள்போல் ஒன்றோடொன்று இணைந்து வழிவதை பிராங்வினும் ஹைமனும் 2009இல் காட்டினர். ஆபிரிக்க நகத் தவளையின் பல்பியானி உடலமோ இதற்கு நேர்மாறு. எக்ஸ்வெலோ என்ற புரதம் அமிலோயிட் போன்ற வலையாகப் பின்னி இழைமணிகளையும் ஆர்.என்.ஏயையும் பற்றிக்கொள்கிறது என எல்வன் பேக்கேயும் சகாக்களும் 2016இல் நிறுவினர்.

திண்மத் திரளுக்கு இரு விளக்கங்கள் தரப்படலாம். ஒன்று காத்திருப்பு: மனித முட்டைக்கலம் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கையில் அதன் உறுப்புகளைப் பாதுகாக்க உறுதியான உறை தேவை. மற்றது கையளிப்பு: அடுத்த தலைமுறையின் இனக்கலங்களைத் தீர்மானிக்கும் பொருளை முட்டையின் ஒரு முனைக்குச் சிந்தாமல் கொண்டு சேர்க்க வேண்டும். சில மாதங்களிலேயே முதிரும் ஸீப்ரா மீனிலும் பல்பியானி உடலம் உண்டு. எக்ஸ்வெலோவின் இணைப் புரதமான பக்கிபோல் இல்லாத மீனில் அவ்வுடலம் தோன்றுவதில்லை, முட்டையின் முனைவாக்கமும் குலைகிறது. எனவே காத்திருப்பு மட்டும் காரணமாக முடியாது. அவ்வுடலம் காணப்படும் மனிதரிலோ இனக்கலங்கள் அயற்கலங்களின் சமிக்ஞையால் பின்னரே உருவாகின்றன. ஆகவே கையளிப்பும் தனிக் காரணம் ஆகாது.

சுண்டெலியின் கதை இங்கு எச்சரிக்கையாகிறது. உறங்கும் சுண்டெலி முட்டைக்கலத்தில் பல்பியானி உடலம் உண்டென்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. அதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது வளையமான கொல்கி உபகரணமே என 2022இல் பேக்கேயின் குழு காட்டியது. தவளையையும் மனிதரையும் அருகில் வைத்து நோக்கியபோதே அத்தவறு புலப்பட்டது.

அவ்வாறு பல விலங்குகளை அருகருகே வைத்து நோக்கும் மரபு தெற்காசியாவில் முன்பே இருந்தது. லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, 1973இல் பட்நாகர் பரிசு பெற்ற சர்துல் சிங் குரையா, பல்பியானி உடலம் பற்றி 1979இல் எழுதிய மீளாய்வில் பல்வேறு விலங்குகளின் முட்டைக்கலங்களை ஒருங்கே ஆராய்ந்தார். திரவமா திண்மமா என்று அளக்கும் கருவி அன்றில்லை. ஆனால் பரந்து நோக்கும் முறை சரியானது. இன்று நாம் மீட்கவேண்டியது அம்முறையையே.

நீலக்கால் நண்டு ஏறக்குறைய ஓராண்டில் முதிர்கிறது. அதன் முட்டைக்கலம் பல்லாண்டு உறங்க வாய்ப்பில்லை. ஆகவே அதன் இளம் முட்டைக்கலங்களில் வழியாத, கரையாத திரள் தென்பட்டால் அதனை நெடிய காத்திருப்பால் விளக்க முடியாது. கையளிப்பு விளக்கம் வலுப்பெறும். நண்டுக்கு உறவான இறாலினத்தில் இதற்கு ஒரு தடயம் உண்டு: குருமா இறாலின் பிளவுறும் முளையத்தில் ஆர்.என்.ஏ நிறைந்த ஒரு திரள் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே மகட்கலத்தைச் சேர்கிறது.

இச்சோதனைக்கு உயிருள்ள சூலகம் வேண்டும். பதப்படுத்திய மாதிரியில் திரவமும் திண்மமும் ஒன்றுபோலவே தோன்றும். கொழும்புத்துறையிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குச் சில கிலோமீற்றர் தூரமே. அமிலோயிட்டை ஒளிரச்செய்யும் தயோபிளேவின் சாயமும் ஒளிர்வு நுணுக்குக்காட்டியும் தொடக்கத்துக்குப் போதும். கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்று தன் கரையின் உயிரினங்களைக்கொண்டே உயிரியலின் அடிப்படை வினாவொன்றுக்கு விடை தேட முடியும்; அதை நாமே தொடங்கவேண்டும்.