பெயரறியா ஓவியனும் திமிஷ்க் நகரின் மினாராவும்

பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பெற்ற பழைய ஓவியம் ஒன்று உள்ளது. ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சேகரிப்பில் இருந்தது. வெனிஸ் நாட்டுத் தூதுக்குழுவினரை முஸ்லிம் ஆளுநர் ஒருவர் வரவேற்கும் காட்சி அது. அதனை வரைந்த கை யாருடையது என்பது இன்றளவும் அறியப்படவில்லை. ஆயினும் அவ்வோவியம் எந்த நகரத்தைக் காட்டுகின்றது என்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகிவிட்டது. அத்தெளிவு பிறந்த வரலாறு நாம் அறிந்து கொள்ளத்தக்கது.

முதலில் ஓவியத்தைக் காண்போம். தாழ்ந்ததொரு மேடையில் ஆளுநர் அமர்ந்திருக்கின்றார். அவருடைய வெண்தலைப்பாகை மிகப் பெரியது. கொம்புகளைப் போன்ற மடிப்புகள் அதனின்றும் எழுந்து நிற்கின்றன. அவர் முன் செவ்வங்கி அணிந்த வெனிஸ்காரர் நிற்கின்றார். முற்றத்தில் ஒட்டகமும் மான்களும் தென்படுகின்றன. மதிலுக்கு அப்பால் வீட்டு மாடிகள், தோட்டத்து மரங்கள், குளிப்பகமான ஹம்மாமின் குவிமாடம். இவையனைத்திற்கும் மேலாக ஒரு பெரும் பள்ளிவாயிலின் குவிமாடமும் மினாராக்களும் ஓங்கி நிற்கின்றன.

இவ்வோவியத்தை ஜென்டிலே பெல்லினி வரைந்ததாகவே நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. வெனிஸ் அரசு 1479ஆம் ஆண்டில் அவரை இஸ்தான்புல் நகருக்கு அனுப்பியது. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது அவர்களின் உருவப்படம் அவர் வரைந்தது என்பர். 1480ஆம் ஆண்டைத் தாங்கிய அப்படம் லண்டனில் உள்ளது. கிழக்கே சென்று வந்த புகழ்மிக்க ஓவியர் அவர் என்பதால், கீழ்த்திசைக் காட்சி கொண்ட இப்படத்தையும் அவர் கணக்கில் எழுதினர். ஓவியர் பெல்லினி என்றதும், காட்சி நிகழும் இடம் இஸ்தான்புல் என்றாயிற்று. பின்னர் வந்தோர் சிலர், வெனிஸ் தூதர் தொமேனிக்கோ திரெவிசான் 1512இல் கெய்ரோ சென்று மம்லூக் சுல்தானைச் சந்தித்த நிகழ்ச்சியே இது என்றனர்.

பெயரை முன்வைத்து இடத்தைத் தேடியவர்கள், படத்தில் கண்முன் நின்ற கட்டடத்தைக் கேட்கத் தவறினர். அதனைக் கேட்டவர் ழான் சோவாழே என்னும் பிரெஞ்சு வரலாற்றறிஞர். ஷாம் நாட்டுக் கட்டடங்களை ஆய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அவர், 1940களில் தம் முடிவை வெளியிட்டார். படத்தில் எழுந்து நிற்பது கலீஃபா வலீத் (ஆட்சி 705–715) எழுப்பிய உமையாப் பெரும் பள்ளியே. ஆகவே நகரம் திமிஷ்க், அதாவது டமாஸ்கஸ் என்பது அவர் முடிவு. ஆளுநரின் தலைப்பாகையும் சுவரில் காணும் சின்னங்களும் உதுமானியருக்குரியவை அல்ல, மம்லூக்குகளுக்கு உரியவை.

அப்பள்ளியின் மேற்கு மினாரா, 1479இல் நிகழ்ந்த தீவிபத்துக்குப் பின், சுல்தான் காயித்பாயின் காலத்தில் 1488இல் எழுப்பப்பெற்றது. அம்மினாராவைக் காட்டும் ஓவியம் அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. பிற்காலத்தில் ஓவியத்தைத் தூய்மைப்படுத்தியபோது 1511 என்னும் ஆண்டு வெளிப்பட்டது. பெல்லினியோ 1507இலேயே மறைந்தார். கெய்ரோத் தூதுக்குழு சென்றது 1512இல். இவ்வாறு இரு பழைய கருத்துகளும் ஒருங்கே வீழ்ந்தன.

அந்த 1511 எத்தகைய காலம்? இந்தியாவின் மிளகு செங்கடல் வழியே மம்லூக் நாடுகளை அடைந்து, வெனிஸ் வணிகர் கைக்கு மாறியது பழைய வழக்கம். 1498இல் வாஸ்கோட காமா மலபார்க் கரையை அடைந்தபின் அவ்வழக்கம் ஆட்டம் கண்டது. 1509இல் தியூ கடற்போரில் போர்ச்சுகீசியர் மம்லூக் கடற்படையை முறியடித்தனர். ஈரானின் ஷா இஸ்மாயீலுடன் தொடர்பு கொண்டார் என்ற குற்றச்சாட்டில், திமிஷ்க்கில் இருந்த வெனிஸ் கான்சல் பியெத்ரோ சேன் சிறைப்பட்டதும் இக்காலத்தில்தான். 1516இல் மர்ஜ் தாபிக் களத்தில் மம்லூக்குகள் தோற்க, திமிஷ்க் உதுமானியர் வசமாயிற்று. எனவே ஓவியத்தில் நாம் காணும் அமைதியான வரவேற்பு, அந்தி நேரத்து ஆட்சியொன்றின் காட்சியாகும்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் நமக்கு ஒரு நெறியைக் கற்பித்துள்ளனர். அறிவிப்பாளர் இன்னார் என்று அறியப்படாதபோது அவ்வறிவிப்பை அவர்கள் அப்படியே ஏற்பதில்லை. பெயரில்லாத இடத்தில் புகழ்மிக்க ஒருவரின் பெயரை இட்டு நிரப்புவதையும் அனுமதிப்பதில்லை. வேறு சான்றுகள் துணைநிற்கின்றனவா என்று தேடுவர். இவ்வோவியத்தின் ‘அறிவிப்பாளர்’ அறியப்படாதவர். ஆயின் கல்லும் மினாராவும் தலைப்பாகையும் அவர் சொன்னதற்குச் சான்று பகர்ந்தன. பெல்லினி என்னும் பெரும்பெயரோ, நானூறு ஆண்டு பழைமையுள்ள ஒரு நகரக் காட்சியை அதன் நகரத்திற்கே உரிமையில்லாததாக்கி வைத்திருந்தது.

1893இல் உமையாப் பள்ளி மீண்டும் பெருந்தீக்கு இரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பெற்றது. அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்பு அது விளங்கிய தோற்றத்தை இன்று நாம் காண்பதற்கு, தன் பெயரை எழுதாது சென்ற அந்த வெனிஸ் ஓவியனுக்குக் கடமைப்பட்டுள்ளோம். அவன் யார் என்பதை அல்லாஹ்வே நன்கறிவான்.