கிறிஸ்துமஸ் காதல் படம்

திருநாளுக்கு முந்திய சில நாள்களுக்குள் இருவர் சந்தித்து, முரண்டு பிடித்து, திருநாள் இரவுக்குள் ஒன்று சேர்ந்துவிடும் இலகுவான காதல் கதையைக் கிறிஸ்துமஸ் காதல் படம் என்பர். சண்டை உண்டு, பெருந்துயரம் இராது. வெளியூர் போனவர் வீடு திரும்புவார். சின்ன ஊர், குளிர், விளக்குகள், கேக், தேவாலயம். முடிவு சுபமே என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தே பார்ப்பதில்தான் அதன் சுகம். தாலி கட்டும் நேரம் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கெட்டிமேளம் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அதுபோல.

இவ்வகையின் முன்னோடிகளில் முதலில் சொல்ல வேண்டியது எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940). புடாபெஸ்ட் கடை ஒன்றில் எந்நேரமும் மோதிக்கொள்ளும் ஊழியர் இருவர். பெயர் தெரியாமல் காதல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. இந்த முடிச்சு திருநாளுக்கு முந்திய இரவில் அவிழ்கிறது. 'ஹாலிடே இன்' (1942) படத்தில் இடம்பெற்ற இர்விங் பெர்லினின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடல் வெண்பனியை இத்திருநாளின் நிறமாக்கியது. 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' (1945) படத்தின் நாயகி ஒரு பத்திரிகை எழுத்தாளர். கணவன், குழந்தை, பண்ணை வீடு என்று எழுத்திலே கட்டிய பொய்யை விருந்தாளி முன் மெய்யாக்கிக் காட்டவேண்டிய நெருக்கடி அவளுக்கு. பிற்காலத்தில் இவ்வகைப் படம் தொலைக்காட்சிக்குரிய தொழிலாயிற்று. அமெரிக்காவின் ஹால்மார்க் அலைவரிசை 2009 முதல் ஆண்டுதோறும் இதற்கென்றே ஒரு பருவம் நடத்துகிறது. அதன் படங்கள் பலவும் கனடாவில், கோடையிலேயே, செயற்கைப் பனியைத் தூவி எடுக்கப்படுபவை.

பனி இல்லாத தமிழ்க் கடற்கரையில் இக்கதை நடக்குமா? கொற்கையும் தூத்துக்குடியும் மணப்பாடும் அடங்கிய முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களில் கிறிஸ்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஐந்நூறு ஆண்டுகளை நெருங்கும் கிறிஸ்துமஸ் இது. வீட்டுக்கு வீடு குடில், வாசலில் நட்சத்திரம், நள்ளிரவுப் பூசை, முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன். கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் விடுமுறை கேட்டு வாங்கி ஊர் திரும்பும் நாள். பனிக்கும் குறைவில்லை என்றே சொல்வேன். தூத்துக்குடியின் தாய் பனிமய மாதா. ரோமாபுரியில் ஒரு கோடை இரவில் வெண்பனி பொழிந்த ஐதிகத்திலிருந்து வந்த பெயர் அது. வெண்பனியைக் கண்டறியாத மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடலில் இறங்குகின்றன.

அப்படியிருந்தும் இந்தக் கரையின் காதல் கதைகள் பெரும்பாலும் கண்ணீரில்தான் நனைகின்றன. அதற்கு வேர் பழையது. தமிழ் அகமரபு ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கியது. கடற்கரை நிலமான நெய்தலுக்குக் கிடைத்தது இரங்கல். பிரிந்தவன் வருவான் என வீட்டில் காத்திருப்பது முல்லை. கோபித்து முகம் திருப்பும் ஊடல் மருதம். கிறிஸ்துமஸ் காதல் படம் இந்த இரண்டின் சேர்க்கை: காத்திருப்பும் ஊடலும். கொற்கை முத்தைப் பாடிய சங்கக் கவிதைக்கோ கடற்கரை என்றால் ஏக்கம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் பிலோமியும் சாமிதாஸும் பிரிவதும் அந்த மரபின் நீட்சியே. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களிலும் கடல் கொடுப்பதைவிட எடுப்பது மிகுதி.

தமிழ்த் திரையிலும் கிறிஸ்தவ நாயகி துயரத்தோடுதான் நடந்து வந்தாள். 1948இல் வெளியான சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி'யில் மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, மாதாவின் அருளால் திரும்பப் பெறுகிறாள் எம்.வி. ராஜம்மா. அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டுச் சிரிக்க வைத்தது 1955 பொங்கலுக்கு வந்த 'மிஸ்ஸியம்மா'.

எல்.வி. பிரசாத் இயக்கத்தில் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம் அது. மூலக்கதை வங்காளத்து 'மன்மயீ கேர்ள்ஸ் ஸ்கூல்'. வேலையில்லாப் பட்டதாரிகளான மேரியும் பாலுவும் (சாவித்திரி, ஜெமினி கணேசன்), கணவன் மனைவிக்கே வேலை தரும் பள்ளிக்கூடத்தில் தம்பதியாக நடிக்கப் போகிறார்கள். ஊருக்கு முன் இணக்கம், உள்ளே ஓயாத சண்டை. ஒருவர்மேல் ஒருவர் நிலாவிடம் புகார் சொல்லும் ஏ.எம். ராஜா, பி. லீலா பாட்டு ஊடலின் உச்சம். பொய்த் தம்பதி மெய்க் காதலர் ஆகும் இந்த உத்தி கனெக்டிகட் படத்துக்குப் பக்கத்து வீடு. கிறிஸ்துமஸைச் சுற்றிப் பின்னிய கதையாக இல்லாவிட்டாலும், உணர்வால் தமிழில் இவ்வகைக்கு மிக நெருங்கிய படம் இதுவே என்பது என் துணிபு. ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. மேரி பிறப்பால் இந்துவே, சிறுவயதில் காணாமற்போன மகாலட்சுமி என்று தெரிந்த பிறகுதான் கல்யாணம் கூடுகிறது. கிறிஸ்தவ மேரி மேரியாகவே பாலுவின் கைப்பிடிக்கும் துணிவு கதைக்கு இல்லை.

பிறகு வந்த படங்கள் மதம் கடந்த காதல் என்ற அந்தக் கேள்வியை எதிர்கொண்டன. ஆனால் இலகுத்தன்மையை இழந்தன. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) காதலர்கள் பூணூலையும் சிலுவையையும் களைந்துவிட்டு ஊரைவிட்டே போகிறார்கள். கிறிஸ்துமஸ் படம் வீட்டுக்கு வரும் கதை. இது வீட்டைத் துறக்கும் கதை. 2010இல் கௌதம் மேனன் ஒரே கதையை இருமொழியில் எடுத்தபோது, கிறிஸ்தவ நாயகியான தெலுங்கு ஜெஸ்ஸி காதலனோடு சேர்ந்தாள், 'விண்ணைத்தாண்டி வருவாயா'வின் தமிழ் ஜெஸ்ஸி பிரிந்தாள். மணப்பாட்டில் படமான மணிரத்னத்தின் 'கடல்' (2013) தாமஸ், பியாட்ரிஸ் காதலில் குழந்தைச் சிரிப்பைக் கொண்டிருந்தும், பாவமும் மன்னிப்பும் என்ற பெரும்பாரத்தில் அச்சிரிப்பு அமுங்கிப்போயிற்று.

பெயரிலேயே திருநாளைச் சூடிவந்தது ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' (2024). பழைய பம்பாயின் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் விஜய் சேதுபதியும் கத்ரினா கைஃபும் சந்திக்கிறார்கள். சந்திப்பு காதலாகக் கனியும் முன்பே கொலை குறுக்கிடுகிறது. தமிழிலும் இந்தியிலும் எடுக்கப்பட்ட இப்படம் திரைக்கு வந்தது சனவரி 12 அன்று, 'மிஸ்ஸியம்மா'வைப் போலவே பொங்கலை ஒட்டி. பொங்கலையும் தீபாவளியையும் நம்பி வாழும் நம் திரைத்தொழிலில் டிசம்பர் 25க்கென்று ஒரு கதை எழுத ஆள் வருவது அரிது.

வர வேண்டும். நட்சத்திரம் தொங்கும் வாசலில் ஒருத்தி காத்திருக்க, கப்பல் வேலைக்குப் போனவன் மக்ரூன் பொட்டலத்தோடு வந்து நிற்க, நள்ளிரவுப் பூசை மணி அடிப்பதற்குள் கோபம் தீரும் ஒரு கதையை யாராவது தூத்துக்குடியில் எடுங்கள். அதில் மேரி மேரியாகவே இருக்கட்டும்.