நோய்க்கும் ஓய்வூதியத்துக்கும் நடுவே

நோயில் படுத்த தொழிலாளி பண உதவி பெறுவதை நாடு முழுமைக்குமான சட்டமாக முதலில் கொண்டு வந்த நாடு ஜெர்மனி. சான்சலர் பிஸ்மார்க் காலத்தில், 1883 ஆம் ஆண்டு நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வேலைக்குப் போக முடியாதவருக்கு அதன்படி தினக்கூலியில் பாதி கிடைத்தது. ஆனால் 13 வாரங்களுக்கு மட்டுமே.

13 வாரத்தில் காய்ச்சல் தீரும். காசநோய் தீருமா?

1889 இல் முதுமை, இயலாமைக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1891 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 5 ஆண்டுகள் சந்தா கட்டியவர் உழைக்கும் திறனை நிரந்தரமாக இழந்தால் ஓய்வூதியம் உண்டு. குணமாக வாய்ப்புள்ளவரோ, தொடர்ந்து ஓராண்டு சம்பாதிக்க முடியாமல் இருந்த பிறகே அதைப் பெறலாம்.

சிக்கல் இங்கேதான். 13 வாரத்தோடு ஒரு பணம் நின்றது. அடுத்த பணம் வர இன்னும் ஒன்பது மாதம். மெல்லத் தேறி வரும் நோயாளியின் குடும்பம் அதுவரை எப்படிச் சாப்பிடும்? சேமிப்பும் உறவும் கைவிட்டால், ஊர் நிர்வாகம் தரும் ஏழை நிவாரணம்தான் கதி. அதை வாங்கியவர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையை இழந்தார்! காப்பீட்டுப் பணம் வாங்கியவருக்கு அந்த இழிவு இல்லை.

1899 ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக் காத்திருப்பை 26 வாரமாகக் குறைத்தது. 1903 ஆம் ஆண்டுத் திருத்தம் நோய்க்கால உதவியை 26 வாரமாக நீட்டியது. இடைவெளி அடைபட்டது.

அதற்கு 20 ஆண்டுகள் ஆயின. நோயில் விழுந்தவரையும், இனி எழவே முடியாதவரையும் சட்டம் முன்பே கண்டுகொண்டது. எழுந்துகொண்டிருப்பவர்தான் அதன் கண்ணில் படத் தாமதமானது.