பங்கா முதல் குளிர்சாதனம் வரை

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பல இன்று தாமான் வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் படிக்கவும் உறங்கவும் ஒதுக்கப்படுவது, கார் கொட்டகைக்கு மேலே அமைந்த மாடி அறையாகும். வீட்டிலேயே வெக்கை மிகுந்த அறையும் பெரும்பாலும் அதுதான். தலைக்கு மேலே கூரை காய்கிறது. வெளிச்சுவர்களில் வெயில் படுகிறது. கீழே, அப்போதுதான் வந்து நின்ற காரின் சூடு மேலேறுகிறது. இரவு பத்து மணிக்கும் அந்த அறையில் பிள்ளையின் கைவியர்வை பட்டுப் புத்தகத்தின் தாள் நனைகிறது.

இந்த அறையை எவ்வாறு குளிரச் செய்வது? மின்விசிறி போதுமா? ஏர்கூலர் வாங்கலாமா? ஏர்கோன் என்று நாம் சொல்லும் குளிர்சாதனமே வேண்டுமா? பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுமுன், நம் நாட்டில் மனிதர் வெக்கையைத் தணித்துக்கொண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். இரண்டு கேள்விகளை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். சூடு எந்த வழியாக வருகிறது? குளிர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார்?

முதலில் மலாய்க் கம்பத்து வீட்டைக் காண்போம். நம் நாட்டுச் சமவெளியில் பகல் வெப்பம் பொதுவாக 32, 33 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இந்தியாவின் கோடையோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. ஆயினும் இங்கே காற்றில் ஈரம் மிகுதி. காற்றோட்டமும் குறைவு. எனவே வியர்வை எளிதில் காய்வதில்லை. புழுக்கம் நம்மை வாட்டுகிறது. இதை நன்கு உணர்ந்த கம்பத்துத் தச்சர்கள் வீட்டைத் தூண்களின்மேல் எழுப்பினார்கள். நீப்பா ஓலையால் ஆன அத்தாப்புக் கூரையைச் சரிவாக வேய்ந்து, இறவாரத்தை நீளமாக இறக்கிச் சுவரில் வெயில் படாமல் காத்தார்கள். அகன்ற சன்னல்களையும், கூரைக்கு அடியில் காற்றுப் புகும் இடைவெளிகளையும் வைத்தார்கள். மரமும் ஓலையும் சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. ஆகையால் பொழுது சாய்ந்ததும் வீடும் விரைவில் ஆறிவிடும். வெயிலைத் தடு, காற்றை விடு என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை.

நம் முன்னோர் குடியேறிய லயங்களிலும் தொடக்கக் காலத்தில் பல இடங்களில் அத்தாப்புக் கூரையே இருந்தது. பிறகு தகரம் வந்தது. 1829ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி பாமர் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சில் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. இவ்விரண்டும் சேர்ந்த துருப்பிடிக்காத தகடு கப்பலேறி உலகெங்கும் சென்றது. ஓலையைப் போல எளிதில் தீப்பற்றாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேயவும் வேண்டியதில்லை. நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். ஆனால், அடியில் மச்சு இல்லாத தகரக் கூரை வாங்கிய வெயிலை அப்படியே கீழே இறக்கிவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்து, நண்பகல் கடந்து வீடு திரும்பும் ஒரு தாய்க்கு, ஓய்வு கொள்ள வேண்டிய நேரமே தகரம் நன்றாகக் காய்ந்திருக்கும் நேரமாக இருந்தது. அந்தக் கணக்கை எந்தச் செலவுப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை. நம் மக்கள் வாசல் திண்ணையையும் மரத்தடியையும் தேடி உட்கார்ந்ததற்கு ஊர்க்கதை பேசும் ஆசை மட்டும் காரணமன்று.

அதே காலத்தில் துரை பங்களாவில் என்ன நடந்தது? உயர்ந்த கூரை, நாற்புறமும் அகன்ற தாழ்வாரம், உட்கூரையிலிருந்து தொங்கும் பங்கா. பங்கா என்பது நீண்ட சட்டத்தில் துணி கட்டிய பெரிய விசிறி. அதில் பிணைத்த கயிறு சுவரின் துளை வழியாக வெளியே போகும். வெளியே ஓர் ஏழை மனிதர் உட்கார்ந்து அதை இழுத்துக்கொண்டே இருப்பார். ஒருவர் உடல் குளிர, இன்னொருவர் உடல் வியர்த்தது. வசதியுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. அவர்கள் மலைக்குப் போனார்கள். பினாங்கு மலையில் 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த மேட்டுநிலம் பின்னர் கேமரன் மலையாகப் புகழ்பெற்றது.

பங்களாவின் பின்புறத்தில் குதிரை லாயமும் அதையொட்டி வேலையாட்களின் அறைகளும் இருந்தன. குதிரையைப் பார்த்துக்கொண்டவரைச் சைஸ் என்று அழைத்தார்கள். மோட்டார் வந்தபின் லாயம் கார் கொட்டகையாயிற்று; மலாயாவில் சைஸ் என்ற சொல்லும் காரோட்டிக்கு வழங்கலாயிற்று. கொட்டகையை ஒட்டிய அறைக்குப் பங்கா இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பனிக்கட்டியின் கதைக்கு வருவோம். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து, குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர்பெற்ற கட்டடம் இந்த வணிகத்துக்காக எழுந்ததே. சிங்கப்பூரில் 1854இல் வாம்போவா என்னும் சீன வணிகர் பனிக்கட்டி இறக்குமதியில் இறங்கினார். அமெரிக்காவின் புளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கப் பனிக்கட்டியைப் பயன்படுத்தினார். பனிக்கட்டியைச் செய்யும் இயந்திரத்தையும் உருவாக்கி, 1851இல் காப்புரிமை பெற்றார். நோயாளியின் துன்பத்தைப் போக்க எழுந்த முயற்சி அது.

இன்றைய குளிர்சாதனமோ வேறொரு காரணத்தால் பிறந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த ஈரத்தை அடக்க ஓர் அமைப்பை வகுத்தார். ஆக, முதலில் குளிர்ச்சி கிடைத்தது தாளுக்கு. தொழிலாளிக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, வெப்ப நாட்டில் வேலைத்திறன் பெருகக் குளிர்சாதனம் இன்றியமையாதது என்று கருதி, அரசு ஊழியர் பணிபுரியும் கட்டடங்களில் அதைப் பொருத்தச் செய்தார். நம் தோட்டங்கள் பலவற்றிலோ, தோட்டத்து மின்னியந்திரம் மாலையில் சில மணி நேரமே ஓடிய காலம் அது.

இந்த வரலாற்றைக் கொண்டு நம் மாடி அறையை இப்போது சோதிப்போம்.

முதல் வேலை, கூரை. கம்பத்துத் தச்சர் செய்ததையே நாமும் செய்ய வேண்டும். கூரைக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியப் படலம் விரித்து, நல்ல மச்சு அடித்து, இரண்டுக்கும் இடையில் காற்றுப் போக வழி விடலாம். மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே நிழல்தட்டி போடலாம். திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகே தடைபடும். வெளித்தட்டி முன்னதாகவே தடுத்துவிடும். இச்செலவு ஒருமுறை செய்வது. மாதந்தோறும் பில் வராது.

இரண்டாவது, மின்விசிறி. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையைக் காயவைத்து உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அதைச் சுழலவிடுவது வீண்.

மூன்றாவது, ஏர்கூலர். இது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி தரும் கருவி. இந்தியாவில் வறண்ட கோடைக்காற்று வீசும் இடங்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவார்களே, அதே தத்துவம். காற்று வறண்டிருந்தால் நன்கு பயன்படும். ஈரம் மிகுந்த நம் நாட்டிலோ, அடைத்த அறையில் வைத்தால் புழுக்கமே கூடும். விலை மலிவு என்று வாங்கி ஏமாற வேண்டாம்.

நான்காவது, குளிர்சாதனம். இது அறையின் சூட்டை வெளியேற்றுவதோடு காற்றின் ஈரத்தையும் வடித்துவிடும். சிறிய அறைக்குப் போதுமான 1 குதிரைத்திறன் கருவி நாள் முழுவதும் முழு அளவில் ஓடினால், ஏறக்குறைய 680 கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பத்தை வெளியேற்றும். அத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். அது ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடும் மின்சாரத்தில் ஒரு கூரை விசிறி பத்து மணி நேரத்துக்கு மேல் சுழலும். கூரையைச் சீர்செய்த பிறகு கருவியை வாங்கினால், சிறியதே போதும். 24 பாகையில் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பிள்ளை நன்றாக உறங்கும்.

ஓர் எச்சரிக்கை. கார்ப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கீழே கார் நிற்கும் இடம் அடைப்பாக இருந்தால், அங்கே இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தி வைக்கவே கூடாது. தரையிலும் குழாய்கள் ஏறும் இடங்களிலும் உள்ள சந்துகளை அடைத்துவிட வேண்டும். கதவு சன்னல்களை மூடி உறங்கும் அறைக்கு இது உயிர்க்காவல்.

நேயர்களே, பங்கா இழுத்தவர் பிறருக்குக் குளிர்ச்சி தந்தார். தகரத்தின் அடியில் வாழ்ந்தவர்கள் பிறருடைய சிக்கனத்துக்காக வெக்கையைச் சுமந்தார்கள். இன்று நம் வீட்டின் குளிர்ச்சியை நாமே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். முதலில் கூரை, அடுத்து காற்று, கடைசியில் கருவி என்ற வரிசையை மறவாமல் இருப்போம். மிச்சப்படும் பணம் பிள்ளையின் புத்தகத்துக்கு உதவட்டும்.