குரலும் வாக்கும்: அர்ஜென்டினப் பல்கலைக்கழக ஆட்சியில் மாணவர் பங்கு, 1918–1995

பல்கலைக்கழக ஆட்சிமன்றங்களில் மாணவர் பிரதிநிதிகள் இடம்பெறுவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது எனினும், இலத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய உரிமைக் கோரிக்கையாக அது வடிவெடுத்த இடம் அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரமே ஆகும். ஆசிரியர், பட்டதாரி, மாணவர் ஆகிய முத்தரப்பாரும் சேர்ந்து பல்கலைக்கழகத்தை ஆளும் இம்முறை ஸ்பானிய மொழியில் 'கோகோபியெர்னோ', அதாவது கூட்டாட்சி, எனப்படுகிறது. மாணவருக்கு மன்றத்தில் இருக்கை கிடைத்ததா என்பதைக் காட்டிலும், அந்த இருக்கையோடு வாக்கும் சேர்ந்து வந்ததா, அதில் அமர்பவரைத் தேர்ந்தவர் யார் என்னும் இரு வினாக்களே இவ்வரலாற்றின் திருப்பங்களைத் தெளிவுபடுத்துகின்றன.

17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினரால் நிறுவப்பட்ட கோர்தோபா பல்கலைக்கழகத்தில், 1918 வரையிலும் அதிகாரம் வாழ்நாள் உறுப்பினர்களைக் கொண்ட 'அகாதெமி' என்னும் குழுக்களிடமே இருந்தது. 1917இன் இறுதியில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி மருத்துவமனையில் தங்கிப் பயிலும் விடுதி மூடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பு, 1918 மார்ச்சில் வேலைநிறுத்தமாக வளர்ந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்த இரகசிய வாக்கெடுப்பின் வழியே ஆட்சிக்கு வந்திருந்த அதிபர் இப்போலித்தோ இரிகோயென், ஹோசே நிக்கோலாஸ் மத்தியென்சோவைத் தலையீட்டாளராக அனுப்பினார். அவர் வாழ்நாள் பதவிகளை ஒழித்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பேராசிரியர்களுக்குப் பரவலாக்கினார், மாணவருக்கோ வாக்கில்லை.

இந்த அரைச் சீர்திருத்தத்தின் எல்லை ஜூன் 15 அன்று புலப்பட்டது. ரெக்டர் எனப்படும் பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு மாணவர்கள் ஆதரித்த என்ரிக்கே மர்த்தினெஸ் பாஸ் தோற்று, திருச்சபைச் சார்புடைய அந்தோனியோ நோரெஸ் வென்றதும், மாணவர்கள் மண்டபத்துள் புகுந்து கூட்டத்தைக் கலைத்து, பொது வேலைநிறுத்தத்தை அறிவித்தனர். பிறர் வாக்கை நம்பியிருந்த சீர்திருத்தம் பிறர் வாக்காலேயே முடங்கியது என்பதுதான் அந்நாள் அவர்களுக்குத் தந்த பாடம் எனக் கொள்ளலாம். தெயோதோரோ ரோக்கா எழுதி ஜூன் 21 அன்று வெளிவந்த அறிக்கை, பல்கலைக்கழகத்தின் ஆட்சியுரிமை முதன்மையாக மாணவரிடமே உள்ளது என்னும் அளவுக்குச் சென்றது.

நோரெஸ் ஆகஸ்டில் பதவி விலகிய பின்னும் தீர்வு தாமதமாகவே, செப்டம்பர் 9 அன்று 83 மாணவர்கள் பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றினர். மாணவர் கூட்டமைப்பின் தலைவர்கள் மூவர் சட்டம், மருத்துவம், பொறியியல் ஆகிய புலங்களின் பொறுப்பை ஏற்றுத் தேர்வுக் குழுக்களையும் அமைத்தனர். படையினர் அவர்களைக் கைது செய்ததால் அந்த நிர்வாகம் நீடிக்கவில்லை. ஆயினும் இடிப்பதற்கன்றி நடத்துவதற்கே மாணவர்கள் உள்ளே சென்றனர் என்பதால், இந்நிகழ்ச்சி வெறும் கலகமாகக் கருதத்தக்கதன்று. அக்டோபரில் கல்வி அமைச்சர் ஹோசே சலினாஸின் தலையீட்டின்கீழ் வந்த விதிகள், பேராசிரியர், துணைப் பேராசிரியர், மாணவர் ஆகியோர் சம எண்ணிக்கையில் கூடும் அவையின் முன்மொழிவின்படி புல மன்ற உறுப்பினர்கள் அமர்த்தப்பட வழிசெய்தன. இங்கு மாணவர் முதன்மையாகத் தேர்வாளராகவே ஏற்கப்பட்டார் என்பது கவனத்துக்குரியது. தாமே உறுப்பினராகி அமர்வது அடுத்த படியாயிற்று. 1919இல் பெரு நாட்டின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழக மாணவர்களும் இதே கோரிக்கையை எழுப்பினர்.

அர்ஜென்டினாவில் அதிபர் பெரோன் ஆட்சியில் இயற்றப்பட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரின் பிரதிநிதித்துவ உரிமையை மிக நுட்பமாகக் குறுக்கியது. புல மன்றத்தில் மாணவர் ஒருவர் பேசலாம், வாக்களிக்க இயலாது. அவரும் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரிடையே குலுக்கலில் எடுக்கப்படுபவர். தம்மைத் தேர்ந்தவர் எவருமில்லாத ஒருவர் யாருக்கும் விடைசொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆகவே இருக்கை எஞ்சியது, பிரதிநிதித்துவம் மறைந்தது.

பெரோன் வீழ்ந்தபின் 1955இல் தன்னாட்சி மீண்டது. புவெனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் 1958ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு புல மன்றத்திலும் பேராசிரியர் 8, பட்டதாரிகள் 4, மாணவர் 4 என வரையறுத்தன. 1966 ஜூலையில் ஒங்கானியாவின் இராணுவ அரசு முத்தரப்பு ஆட்சியை ஒழித்தது. எதிர்த்துப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் தங்கியிருந்த ஆசிரியரும் மாணவரும் காவலரின் தடிகளால் தாக்கப்பட்ட ஜூலை 29ஆம் நாள், நீண்ட தடிகளின் இரவு என நினைவுகூரப்படுகிறது.

1983இல் மக்களாட்சி திரும்பியதும் கூட்டாட்சியும் திரும்பியது. 1995ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் ஆசிரியர்களுக்குக் குறைந்தது 50 விழுக்காட்டு இடத்தை உறுதிசெய்து, ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் பிரதிநிதித்துவம் அளித்தது. மாணவர் பிரதிநிதி தம் படிப்பின் மொத்தப் பாடங்களில் 30 விழுக்காட்டிலாவது தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று அது விதித்தபோதிலும், 1947இன் மதிப்பெண் வரிசையும் குலுக்கலும் அதில் இடம்பெறவில்லை.