லூபஸ் நோயின் காரண ஆராய்ச்சியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடம்

ஒரு வியாதிக்கு ஒரு காரணமே உண்டென்று கொண்டு, அவ்வொன்றைத் தேடிக் காண்பதே வைத்திய ஆராய்ச்சியின் முடிந்த பயன் எனக் கருதும் மனப்பாங்கு, சயரோகம், வாந்திபேதி முதலியவற்றின் கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெற்றிகளால் வேரூன்றியதாகும். அம்மனப்பாங்குக்கு இடங்கொடாத வியாதிகளுள் லூபஸ் தலையாயது. பரம்பரை, பெண்மை, சூழல் என்னும் மூன்றும் ஒருங்கு கூடியவிடத்தே அது தோன்றுகின்றது. இம்மூன்றுள் எது எவ்வளவு பங்கு கொள்கின்றதென அளந்தறிவதற்கு, ஒரே பரம்பரையைச் சேர்ந்த மக்கள் வேறுபட்ட சூழல்களில் வாழ்வதை ஒப்புநோக்குவதினும் சிறந்த வழி அரிது. ஒரே தலைமுறைக்குள் உலகின் பல பாகங்களிலும் சிதறிய யாழ்ப்பாணத் தமிழர் அத்தகைய ஒப்பீட்டுக்கு மிக ஏற்ற சமுதாயத்தினராவர். ஆதலின் இந்நோயின் ஆராய்ச்சியில் யாழ்ப்பாணம் பிறர் கண்ட முடிபுகளைப் பெற்றுக்கொள்ளும் இடமாக மாத்திரமன்றி, முடிபுகளைத் தரும் இடமாகவும் அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இந்நோயைத் தோலின் நோயென்றே வைத்தியர் நெடுங்காலம் கருதினர். 1851 இல் பாரிஸ் நகரத்துக் கஸனாவ் அதற்கு இன்று வழங்கும் பெயரை இட்டார். 1872 இல் வியன்னாவில் மோரிஸ் கபோசி, தோலில் தோன்றும் அது காய்ச்சலும் மூட்டு வீக்கமும் கொண்டு சரீரம் முழுவதையும் பற்றி உயிரையும் கவரவல்லது என விளக்கினார். அதே 1872 இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டு, மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே போதித்து வந்தார். பின்னர் வைத்தியர் ஒஸ்லர் 1895 முதலாக எழுதிய கட்டுரைகளில் இதயம், சிறுநீரகம், மூளை ஆகியவற்றை இந்நோய் தாக்கும் வகைகளை விவரித்தார். 1948 இல் மேயோ வைத்திய நிலையத்தில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், நோயாளரின் எலும்பு மச்சையில், பிறிதொரு கலத்தின் கருவை விழுங்கி நிற்கும் வெண்கலங்களைக் கண்டனர். சரீரம் தன்னைத் தானே பகையாகக் கொள்ளும் நோய் இது என்னும் கொள்கைக்கு அக்கலமே வாயிலாயிற்று. கலக்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அடுத்த பத்தாண்டுக்குள் கண்டறியப்பட்டன.

நோய் உண்டாகும் முறையைப் பற்றி இன்று பெரிதும் உடன்பாடு உண்டு. நம் சரீரத்தில் நாடோறும் எண்ணிறந்த கலங்கள் மடிகின்றன. அவற்றின் எச்சங்களைக் காலந்தாழ்த்தாது அகற்றும் ஒழுங்கு இரத்தத்தில் இயல்பாகவே அமைந்துள்ளது. அவ்வொழுங்கு பழுதுறின், கருவினுள் மறைந்திருக்க வேண்டிய மரபுப்பொருள் வெளிப்பட்டு நிற்க, அதனை வைரசின் பொருளென மயங்கிய நிர்ப்பீடனக் கலங்கள் இன்ரபெரோன் என்னும் சுரப்பைப் பெருக்குகின்றன. அதனால் தூண்டப்பட்டுத் தோன்றும் பிறபொருளெதிரிகள் அப்பொருளோடு பிணைந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகளிலும் தோலிலும் மூட்டுகளிலும் படிந்து அழற்சியை விளைக்கின்றன. இவ்வகற்றும் ஒழுங்கில் முதலிடம் பெறும் ‘சி1கியூ’ என்னும் புரதம் பிறவியிலேயே இல்லாதோருள் மிகப் பெரும்பாலோர் லூபசுக்கு ஆளாகின்றனர் என்பது இக்கொள்கைக்கு வலிய சான்றாகும். இரத்தத்தில் மிதக்கும் மரபுப்பொருளைச் சிதைக்கும் நொதியம் ஒன்று பழுதுற்ற அரபுக் குடும்பங்களில் இந்நோய் உடன்பிறந்தாரிடையே தோன்றியமை 2011 இல் வெளியாயிற்று. அவை உறவுக்குள் மணம் செய்யும் வழக்குடைய குடும்பங்கள்.

பெண்மையின் பங்கும் இவ்வாறே தெளிவுற்று வருகின்றது. நோயாளர் பதின்மருள் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களுள்ளும் பிள்ளை பெறும் வயதினரே மிகுதி. பெண்ணுக்குரிய சுரப்புகளே இதற்குக் காரணம் என முன்னர்க் கருதப்பட்டது. ஆயினும், இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களோடு ஒரு வையும் உடையராய்ப் பிறக்கும் ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனைய ஆண்களினும் பன்மடங்கு அதிகம் எனக் கண்டமையால், சுரப்புகளன்றி நிறமூர்த்தமும் காரணமாதல் புலப்பட்டது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ‘ரிஎல்ஆர்7’ என்னும் பரம்பரையலகில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றம் ஒரு சிறுமிக்கு லூபசை விளைத்தது என்றும், அம்மாற்றத்தைப் புகுத்திய எலிகளும் அந்நோயுற்றன என்றும் 2022 இல் நிறுவப்பட்டது.

எனினும் பரம்பரை மாத்திரம் நோயை விளைப்பதில்லை. ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு லூபஸ் உண்டாயின், மற்றவருக்கும் அது வருதல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடத்தேதான் காணப்படுகின்றது. எஞ்சிய முக்காற் பங்கினருக்கு வராமையை விளக்க வேண்டிய பொறுப்பு சூழலையே சாரும். மேலும், அமெரிக்கப் படைவீரரிடமிருந்து பெற்றுச் சேமித்து வைத்திருந்த இரத்த நீரை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரை, பின்னர் நோயுற்ற 130 பேருள் 88 வீதமானோரின் இரத்தத்தில் நோய் நிர்ணயத்துக்கு முன்னரே, சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்னர், பகைப் பிறபொருளெதிரிகள் இருந்தமையைக் காட்டியது. நோய் வெளிப்படும் காலத்தே காரணத்தைத் தேடுவோர் காரணம் கடந்து சென்ற பின்னரே தேடுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் மக்களைப் பற்றிய புதிர் ஒன்றை நோக்குவோம். டில்லியை அடுத்த கிராமங்களில் மாலவியா குழுவினர் செய்து 1993 இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இலட்சம் பேருக்கு 3.2 பேரே இந்நோயுற்றோராகக் காணப்பட்டனர். இங்கிலாந்தின் லெஸ்ரர், பேர்மிங்ஹாம் நகரங்களில் அதே காலப்பகுதியில் எடுத்த கணக்குகளிலோ, தெற்காசியக் குடிவழியினரிடையே இந்நோய் அந்நாட்டு வெள்ளையரிடையே உள்ளதினும் இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. தாயகத்தில் அரிதாகத் தோன்றும் நோய், கடல் கடந்தவுடன் பெருகுவானேன்? தாயகத்தில் நோயுற்றோர் பலர் நிர்ணயம் பெறாமலே மடிகின்றனர் என்பது ஒரு விடை. குடிபெயர்ந்த நாட்டின் சூழல் நோயைத் தூண்டுகின்றது என்பது மற்றொரு விடை. குசராத்தியர், பஞ்சாபியர், வங்காளியர் எனப் பலவேறு மக்களை ஒன்றாய்க் கட்டிய கணக்கினால் இவ்விரு விடைகளுள் மெய்யானதைத் தேர்தல் இயலாது.

யாழ்ப்பாணம் பயன்படுவது இவ்விடத்தேதான். குடாநாட்டுக் குடும்பங்கள் தம் ஊர், பகுதி, உறவுமுறை ஆகியவற்றை நினைவிற் போற்றி வருவன. மேற்கூறிய அரபுக் குடும்பங்களிற் போலவே, உறவுக்குள் செய்யும் மச்சான் மச்சாள் மணம் அவற்றுள் நெடுங்கால வழக்கு. வல்வெட்டித்துறையிலோ புங்குடுதீவிலோ வேரூன்றிய ஒரு குடும்பத்தின் மூத்த மகள் ஊரிலும், இளையவள் ரொறன்ரோவிலும், மகன் லண்டனிலும் வாழ்தல் 1983 இன் இனக்கலவரத்தின் பின்னர் இயல்பாயிற்று. பரம்பரை ஒன்றாயிருக்கச் சூழல் மாறிய இந்நிலையை எந்த ஆராய்ச்சிசாலையும் செயற்கையாக அமைத்தல் இயலாது. ரொறன்ரோவில் 1970 முதல் இயங்கும் லூபஸ் நிலையம் உலகின் மிக நீண்ட நோயாளர் வரலாறுகளுள் ஒன்றைப் பேணி வருவதும் இவ்வொப்பீட்டுக்குத் துணையாகும்.

ஒப்புநோக்கத் தக்க சூழற் காரணங்களும் நம்மிடம் குறைவல்ல. அவற்றுள் மலேரியா மிகவும் சிந்திக்கத் தக்கது. நைஜீரியாவில் இத்தகைய நோய்கள் அரிதாயிருத்தலை 1968 இல் எடுத்துக்காட்டிய பிறயன் கிறீன்வூட், மலேரியாவை ஒத்த கிருமியால் தொற்றுண்ட எலிகளில் லூபஸ் அடங்குவதையும் பின்னர்க் கண்டார். இலங்கையில் 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. பின்னர் அது மீண்டும் எழுந்தது. போர்க்காலத்தில் வடக்கிற் பெருகியது. உள்நாட்டில் அதன் தொடர்ந்த பரவல் 2012 ஒக்ரோபரோடு நின்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிவை உறுதி செய்தது. எனவே பிறந்த ஆண்டையும் வாழ்ந்த இடத்தையும் கொண்டே ஒருவர் மலேரியாவுக்கு ஆட்பட்ட அளவை ஒருவாறு கணிக்கலாம். கிறீன்வூட்டின் கருதுகோளைச் சோதித்தற்கு இதனினும் வாய்ப்பான வரலாறு கிடைத்தல் அரிது. எப்ஸ்ரைன்-பார் வைரசும் இத்தகையதே. வெப்பநாடுகளில் பெரும்பாலார் அதனைக் குழந்தைப் பருவத்திலேயே பெறுகின்றனர். மேலைநாடுகளில் பலர் இளமையிற் பெறுகின்றனர். தொற்றும் வயது வேறுபாடு நோயை மாற்றுமோ என்பதை உடன்பிறந்தாரிடையே ஆராயலாம். புகைத்தல் லூபசுக்கு ஏதுவாதல் நிறுவப்பட்ட உண்மை. புகையிலைத் தோட்டங்களும் சுருட்டுக் கொட்டில்களும் நிறைந்த நாட்டில், தாம் புகையாத பெண்களுக்கு அப்புகையாலும் இலைத் தூசாலும் நேர்வது யாதென்பது நமக்கே உரிய வினாவாகும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் தெளிக்கும் பூச்சிநாசினியைப் பற்றியும், உச்சி வெயிலில் நாற்று நடும் பெண்ணின் தோலிற் படும் ஞாயிற்றொளியைப் பற்றியும் இதனையே கூறலாம்.

காரணங்களைப் போலவே நோயின் சிக்கல்களும் இடத்துக்கேற்ப உருவெடுக்கின்றன. 1976 இல் ரொறன்ரோவின் யூரோவிற்ஸ், லூபசினால் நேரும் மரணம் இரு காலங்களில் குவிகின்றது என்று காட்டினார்: தொடக்க ஆண்டுகளில் நோயின் உக்கிரமும் தொற்றுகளும், பிந்திய ஆண்டுகளில் இதயநாடிகளின் அடைப்பும் உயிரைக் கொள்கின்றன. இவ்விரு முனைகளும் நம் நாட்டிற் கூர்மை மிக்கவை. மாரிகாலத்து டெங்கும் உண்ணிக்காய்ச்சலும் காய்ச்சல், தோற்சிவப்பு, மூட்டுவலி, இரத்தக் கலங்களின் குறைவு என்னும் அதே முகத்தோடு வருதலால், லூபசுற்ற பெண் டெங்குக்காரியாகவும், டெங்குற்ற லூபஸ் நோயாளி நோய் மிகுந்தவளாகவும் மயங்கப்படுதல் எளிது. முன்னதில் தாமதம் கேடு. பின்னதில் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைக் கூட்டுதல் பெருங்கேடு. சலத்தைச் சோதித்துப் புரதம் காணலும், இரத்தத்திற் குறைநிரப்பிப் புரதங்களை அளத்தலும் இம்மயக்கத்தை நீக்கத் துணைபுரியும். லூபசுக்கு ஸ்ரெரோயிட் மருந்தைத் தொடங்குமுன் மறைந்துறையும் சயரோகத்தையும் குடற்புழுவையும் தேடுதல் இன்றியமையாதது. சயரோகத்துக்குத் தரும் ஐசோனியசிட்டே சிலரிடம் லூபஸ் போன்ற நிலையை உண்டாக்கும் என்பதும் நினைக்கத் தக்கது. மற்றை முனையிலோ, 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு ஏனைய பெண்களினும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு எனப் பிற்ஸ்பேர்க் ஆய்வாளர் 1997 இல் கண்டனர். இளவயதிலேயே நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் ஆளாகும் நம் மக்களிடையே, நெடுங்காலம் உட்கொள்ளும் ஸ்ரெரோயிட் அவ்வாபத்தை இன்னும் பெருக்கும்.

கர்ப்பகாலத்துச் சிக்கல்கள் தனியே கூறத் தக்கன. இரத்தத்தை உறையச் செய்யும் பிறபொருளெதிரிகளைக் கிரகாம் ஹியூஸ் 1983 இல் ஒரு நோய்த்தொகுதியாக வகுத்த பின்னரே, மீண்டும் மீண்டும் கருச்சிதைவுறும் பெண்கள் பலரது துயரின் காரணம் விளங்கிற்று. அக்காரணம் விளங்காத ஊர்களில் பழி பெண்ணின் சாதகத்தின்மேலும் ராசியின்மேலும் சுமத்தப்படுகின்றது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருமுறை மும்முறை கருச்சிதைந்த பெண்ணின் வரலாறு ஏற்கெனவே உண்டு. அப்பதிவு ஓர் இரத்தச் சோதனைக்கு வழிகாட்டுமாயின், நோயும் வெளிப்படும், பழியும் நீங்கும்.

இங்கு இரு தடைகள் எழலாம். சிகிச்சைக்கே வசதி போதாத இடத்தில் ஆராய்ச்சி ஆடம்பரமன்றோ என்பது முதலாவது. முறையான நோயாளர் பதிவேடு ஆராய்ச்சிக்கு அடிப்படையாவதற்கு முன்னரே சிகிச்சைக்கு அடிப்படையாகும். யாருக்குச் சலச் சோதனை தவறியது, யார் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்னும் மருந்தை இடையில் நிறுத்தினார், யாருடைய கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பவற்றை அதுவே காட்டும். விலை மலிந்த அம்மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல் நோயின் எழுச்சியைக் குறைத்து ஆயுளை நீட்டுகின்றது. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் 2021 முதல் லூபசுக்குச் செய்யப்படும் கலச் சிகிச்சையின் வியத்தகு பயன்கள் நம்மை எட்டும் வரை, நம் பெண்களைக் காப்பது அவ்வொழுங்கே. குடும்பத்தின் பெயர் வெளிப்படின் பெண்பிள்ளைகளின் கலியாணம் தடைப்படும் என்னும் அச்சம் இரண்டாவது. அது பொய்யான அச்சமன்று. ஆதலின் பெயர் மறைத்தலும், நோயாளியின் மனமார்ந்த சம்மதமும், சம்மதத்தைப் பின்னர் மீட்டுக்கொள்ளும் உரிமையும் இத்தகைய முயற்சிக்கு முதல் நிபந்தனைகளாதல் வேண்டும். இந்நோய் தொற்றாது என்பதும், நோயுற்ற தாயின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நோயின்றி வாழ்வர் என்பதும் ஊர்தோறும் எடுத்துரைக்கப்படல் வேண்டும்.

ஆகவே செய்யத் தக்கவை நான்கு எனத் துணியலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை நடுவாகக் கொண்டு, வட மாகாணம் முழுவதையும் தழுவிய லூபஸ் பதிவேடு ஒன்று பேணப்படுதல். 1978 இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், நோயாளரிடமும் நோயற்ற அவர்தம் உடன்பிறந்தாரிடமும் பெறும் இரத்த நீரைப் பிற்கால ஆய்வுக்கெனச் சேமித்தல். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆய்வு நிலையங்களோடு, நம் ஆய்வாளர் சமபங்காளராக நின்று, புலம்பெயர்ந்த குடும்பங்களை ஒப்புநோக்குதல். இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய வினாநிரல்களையும் விளக்க நூல்களையும் மானிப்பாயில் கிறீன் காட்டிய வழியில், நோயாளி பேசும் தமிழிலேயே ஆக்குதல். இவற்றுள் இறுதியது எளிதெனத் தோன்றினும் ஏனைய மூன்றுக்கும் உயிர்நிலை. தன் சரீரத்தில் நிகழ்வதைத் தன் மொழியில் அறிந்த பெண்ணே மருந்தைத் தவறாது உட்கொள்வாள், சம்மதத்தை அறிந்து தருவாள், தன் பாட்டியின் கைமூட்டு வீக்கத்தையும் தாயின் கருச்சிதைவையும் நினைந்து கூறுவாள். இந்நோயின் காரணத்தைத் தேடுவோர்க்கு அவள் கூறும் அவ்வரலாற்றினும் பெறுமதி வாய்ந்த சான்று பிறிதில்லை.